"தர மாட்டேன்" என்று சொல்லும் மருந்துக் கடைக்காரர்!

அவர் கொடுக்கும் மாத்திரை மட்டும் அல்ல, கொடுக்க மறுக்கும் மாத்திரையும் உங்கள் உயிரைக் காக்கிறது

தலை வலிக்கிறது. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. குழந்தை இரவெல்லாம் இருமுகிறது.

உடனே எங்கே போகிறோம்?

பெரிய ஆஸ்பத்திரிக்கா? இல்லை. டாக்டரிடமா? அதுவும் இல்லை. தெருமுனையில் இருக்கிற மருந்துக் கடைக்குத்தான் போகிறோம்!

அங்கே வரிசையில் உட்கார வேண்டியது இல்லை. "பீஸ்" கிடையாது. காலையில் திறந்தால் இரவு வரை விளக்கு எரிகிறது. 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் ஊரே கதவை அடைத்துக்கொண்டது. அப்போதும் மருந்துக் கடைகள் திறந்திருந்தன.

ஆகவே, நோய் வந்தால் நம்மில் பலர் முதலில் பார்ப்பது மருந்துக் கடையில் நிற்பவரைத்தான்.

அவரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம்? மளிகைக் கடைக்காரர் பருப்பை நிறுத்துக் கொடுக்கிறார். அதைப் போல இவர் மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறார். இவ்வளவுதான் நம் எண்ணம்.

அது தவறு. இரண்டு கிலோ பருப்பு அதிகமாகக் கேட்டால், மளிகைக் கடைக்காரர் சந்தோஷமாகக் கொடுப்பார். நல்ல மருந்துக் கடைக்காரரோ சில சமயம் "தர மாட்டேன்" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்வதும் அவருடைய வேலைதான்!

"அண்ணே, ரெண்டு மாத்திரை கொடுங்க!"

எந்த ஊர் மருந்துக் கடையிலும் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"அண்ணே, தொண்டை வலிக்குது. போன தடவை கொடுத்தீங்களே, அந்த மாத்திரையிலே ரெண்டு கொடுங்க."

"டாக்டர் சீட்டு இருக்கா தம்பி?"

"சீட்டு எதுக்கு அண்ணே? அதே மாத்திரைதானே? டாக்டர்கிட்டே போனா ஒரு நாள் கூலி போயிடும்."

"சீட்டு இல்லாம அதைத் தரக் கூடாது தம்பி. வெந்நீர்லே உப்புப் போட்டுக் கொப்பளி. ரெண்டு மூணு நாள்லே குறையலேன்னா டாக்டரைப் பாரு. மூச்சு விடவோ, எச்சில் விழுங்கவோ கஷ்டமா இருந்தா இன்னைக்கே போயிடு."

தம்பிக்குக் கோபம் வந்துவிடுகிறது. முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போகிறார்.

இதிலே நஷ்டப்பட்டவர் யார்? கடைக்காரர்தான். அவருக்கு ஒரு வியாபாரம் போயிற்று. ஆனாலும் அவர் செய்ததுதான் சரி. ஏன் என்று தெரிய வேண்டுமா? பென்சிலின் மருந்தைக் கண்டுபிடித்தவரே ஒரு கதை சொல்லியிருக்கிறார். அதைக் கேளுங்கள்.

பிளெமிங் சொன்ன கதை

1928-ம் ஆண்டில், லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் என்ற விஞ்ஞானி பென்சிலினைக் கண்டுபிடித்தார். அது பூஞ்சையில் இருந்து கிடைத்த மருந்து. சாகக் கிடந்த லட்சக்கணக்கான பேரை அது பிழைக்க வைத்தது. கிருமியைக் கொல்லும் இத்தகைய மருந்துகளைத்தான் "ஆன்டிபயாடிக்" என்கிறோம்.

1945-ம் ஆண்டில் பிளெமிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றவர் தம் மருந்தைப் புகழ்ந்து பேசிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால், அவர் ஓர் எச்சரிக்கையும் செய்தார். "பென்சிலினைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற காலம் வந்தால் அபாயம்" என்ற கருத்தில் பேசினார். அதை விளக்க ஒரு கற்பனைக் கதையும் சொன்னார்.

ஒருவருக்குத் தொண்டை வலி. அவராகவே பென்சிலின் வாங்கிச் சாப்பிடுகிறார். ஆனால், போதிய அளவு சாப்பிடவில்லை. கிருமி சாகவில்லை. மாறாக, பென்சிலினை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது!

அந்தக் கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியாக் காய்ச்சல். டாக்டர் பென்சிலின் கொடுக்கிறார். மருந்து பலிக்கவில்லை. மனைவி இறந்துபோகிறாள்.

அவள் சாவுக்கு யார் பொறுப்பு? கணவன்தான் என்று பிளெமிங் தீர்ப்புச் சொன்னார்.

அன்று அது கதை. இன்று அது கதை அல்ல. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டு இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். சளி, ஜலதோஷம் எல்லாம் "வைரஸ்" என்ற நுண்கிருமியால் வருபவை. தொண்டை வலியிலும் பெரும்பாலானவை அப்படித்தான். வைரசுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. காசும் வீண்; மருந்தும் வீண். உடம்பில் இருக்கும் மற்றக் கிருமிகளுக்கு மட்டும் எதிர்க்கும் பயிற்சி கிடைக்கிறது!

அந்தத் தம்பி கேட்டது இரண்டே மாத்திரை. கடைக்காரர் மறுத்ததால் தம்பிக்கு மட்டும் நன்மை இல்லை. அவர் வீட்டில் இருக்கும் தாய்க்கும், குழந்தைக்கும் நன்மை.

அட்டையில் ஒரு சிவப்புக் கோடு

உங்கள் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். சில அட்டைகளில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். "டாக்டர் சீட்டு இல்லாமல் இதைச் சாப்பிடாதே" என்பது அதன் பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் கண்டுகொள்ளும் கோடு அது. 2016-ம் ஆண்டில் மத்திய அரசு இதைப் பற்றி நாடு முழுவதும் பிரசாரம் செய்தது.

இன்னும் கடுமையான ஒரு விதியும் உண்டு. அதன் பெயர் "எச்-1" பட்டியல். 2014-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. வீரியம் மிகுந்த ஆன்டிபயாடிக் மருந்துகள், காசநோய் மருந்துகள், சில தூக்க மாத்திரைகள் என்று தொடக்கத்தில் 46 மருந்துகள் அதில் இடம்பெற்றன.

இவற்றை விற்றால் கடைக்காரர் தனியாக ஒரு நோட்டில் எழுத வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டரின் பெயர், விலாசம், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு - எல்லாம் எழுத வேண்டும். அந்த நோட்டை 3 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

"பெயர் எதற்கு? ஊர் எதற்கு?" என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வம்புக்குக் கேட்கவில்லை, சட்டத்துக்காகக் கேட்கிறார்.

கொயினாவில் மோசடி

கடைக்காரருக்கு இவ்வளவு பொறுப்பு எப்படி வந்தது? அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு, நம் நாட்டில் மருந்து வியாபாரத்துக்கு நாடு முழுவதுக்கும் பொதுவான சட்டம் கிடையாது. மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. அதற்கு மருந்து கொயினா. ஆனால், போலிக் கொயினா சந்தையில் தாராளமாக நடமாடியது. உயிர் பிழைக்க மருந்து வாங்கியவன், ஏமாந்து உயிரை விட்டான்.

கூக்குரல் எழுந்தது. 1930-ம் ஆண்டில் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. மறு ஆண்டே குழு அறிக்கை கொடுத்தது. மருந்தின் தரத்துக்கு ஒரு சட்டம் வேண்டும். மருந்தைக் கையாளுகிறவர்களுக்கு முறையான படிப்பு வேண்டும் என்று அது எடுத்துச் சொன்னது.

அதன் பிறகே 1940-ம் ஆண்டில் மருந்துச் சட்டம் வந்தது. 1948-ம் ஆண்டில் பார்மசிச் சட்டம் வந்தது. டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் படித்துப் பதிவு செய்துகொண்டவராக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. அவர்தான் பார்மசிஸ்டு. தமிழில் "மருந்தாளுநர்" என்கிறோம்.

பழைய தலைமுறையினருக்குக் கம்பவுண்டரை நன்றாக நினைவிருக்கும். டாக்டர் அறைக்குப் பக்கத்து அறையில், பெரிய பெரிய சீசாக்களுக்கு நடுவே நின்று அவர் மிக்ஸ்சர் கலக்குவார். சீசாவின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் ஒரு வேளை. படிக்காத பாட்டிகூட அளவு தவறாமல் குடித்துவிடுவாள்!

இன்று மருந்து தொழிற்சாலையில் இருந்து அட்டையாக வருகிறது. கலக்கும் வேலை போய்விட்டது. ஆனால், அந்தக் காகிதம் செய்த வேலை போகவில்லை. எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று நோயாளிக்குப் புரிய வைப்பதே அந்த வேலை. அதை இன்று மருந்தாளுநரின் வாய்தான் செய்ய வேண்டும்.

அவர் கேட்கும் கேள்விகள்

நல்ல மருந்தாளுநர் கேள்வி கேட்பார். "யாருக்கு மாத்திரை? என்ன வயது? எத்தனை நாளாகக் காய்ச்சல்? வேறு மாத்திரை சாப்பிடுகிறார்களா? கர்ப்பமா?" என்பார். "கேட்டதைக் கொடுக்காமல் இவருக்கு என்ன இத்தனை கேள்வி?" என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் உண்டு.

மழைக் காலத்தில் காய்ச்சல் வருகிறது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்கிறது. "நல்ல வலி மாத்திரையாகக் கொடுங்கள்" என்று கேட்கிறோம். அது டெங்குக் காய்ச்சலாக இருந்தால் என்ன ஆகும்? ஆஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். அதனால்தான் அவற்றைக் கொடுக்கத் தயங்குகிறார். "பாரசிட்டமால் போதும், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்கிறார்.

பாரசிட்டமாலுக்கும் அளவு உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 8 மாத்திரை. அதற்கு மேல் போனால் ஈரல் கெடும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவான அளவிலேயே ஆபத்து வரலாம். சளிக்கு என்று விற்கும் பல மாத்திரைகளுக்குள்ளும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கிறது! காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டையும் விழுங்குகிறவர் தமக்குத் தெரியாமலே இரட்டை அளவு சாப்பிடுகிறார். "வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்வி இதற்காகத்தான்.

படர்தாமரைக்குக் களிம்பு வாங்குவதும் அப்படித்தான். "ஸ்டீராய்டு" கலந்த களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். "அற்புதமான மருந்து!" என்று மகிழ்ந்து போவோம். ஆனால், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். தோலும் மெலிந்து போகும். முகம் சிவப்பாக வேண்டும் என்று இதே களிம்பை முகத்தில் தடவி அவதிப்படும் பெண்களும் உண்டு. 2018-ம் ஆண்டில் இத்தகைய பல களிம்புகளும் சீட்டுக்கு மட்டுமே விற்கும் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கா?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், "போக்கை நிறுத்த மாத்திரை கொடுங்கள்" என்று தாய் கேட்கிறாள். மருந்தாளுநர் அதைக் கொடுக்காமல், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறார். "இது வெறும் உப்பும் சர்க்கரையும்தானே?" என்று தாய்க்குச் சந்தேகம்.

வெறும் உப்பும் சர்க்கரையும்தான். ஆனால், அது செய்த அற்புதத்தைக் கேளுங்கள். 1971-ம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 100-க்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு 4 பேருக்கும் குறைவாக இறங்கியது!

குழந்தை இறப்பது பேதியால் அல்ல. உடம்பில் நீர் வற்றுவதால். அந்த நீரைத் திருப்பிக் கொடுப்பதுதான் ஓ.ஆர்.எஸ்.

பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலம் என்றால் 1 லிட்டர். காய்ச்சி ஆறிய தண்ணீர் நல்லது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். கூடவே துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொண்டு, சர்க்கரை மிகுந்த பழச்சாறு பாக்கெட்டுகளும் பல ஆண்டுகளாக விற்பனையாகி வந்தன. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து நீண்ட காலம் போராடினார். 2025-ம் ஆண்டு அக்டோபரில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த கலவை இல்லாத பானத்துக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பெயரைப் பார்த்து ஏமாறாமல், மருந்தாளுநரிடம் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் சீசா இருமல் மருந்து

ஒருவர் இருமல் மருந்து வாங்கிப் போகிறார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் வருகிறார். அடுத்த வாரமும் வருகிறார். உடம்பு இளைத்திருக்கிறது.

இது வீட்டில் இருப்பவர் கண்ணுக்குப் படாமல் போகலாம். கடையில் நிற்பவர் கண்ணுக்குப் படும். மூன்றாம் சீசாவைக் கொடுக்காமல், "ஐயா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறது. சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால், அந்தக் குடும்பத்தையே காப்பாற்றிவிட்டார் என்று சொல்லலாம். ஏன்? இருமல் வழியாகத்தான் காசநோய் பரவுகிறது.

காசநோய் சிகிச்சையில் நம் சென்னைக்குத் தனிப் பெருமை உண்டு. முன்பு காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுத்திருக்க வேண்டும். தாம்பரத்தில் ரெயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1956-ம் ஆண்டில் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால், வீட்டில் இருந்தபடியே குணம் அடையலாம். வீட்டில் உள்ளவர்களுக்கும் அதனால் அபாயம் அதிகம் ஆவது இல்லை என்று அந்த மையம் நிரூபித்தது. 1959-ம் ஆண்டில் அந்த முடிவு வெளியானது. உலகமே அந்த வழிக்குத் திரும்பியது.

"ஒழுங்காகச் சாப்பிட்டால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதம். இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும். "குணமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்போதுதான் மருந்துக்கு அடங்காத காசநோய் முளைக்கிறது.

காசநோய் மருந்து விற்கும் கடைகள், அதை வாங்கும் நோயாளி பற்றி அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்று 2018-ம் ஆண்டில் மத்திய அரசு உத்தரவிட்டது. தண்டிப்பதற்காக அல்ல, நடுவில் விட்டுவிடாமல் கவனித்துக்கொள்வதற்காக. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மாதந்தோறும் கொடுக்கும் உதவித்தொகையும் 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளுக்கும் இதே கதைதான். "தலை சுற்றல் நின்றுவிட்டது, மாத்திரை எதற்கு?" என்று தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். மாதா மாதம் வாங்க வருகிறவர் இரண்டு மாதமாக வரவில்லையே என்று மருந்தாளுநருக்குத் தெரியும். அவர் விசாரித்தால், மறைக்காமல் காரணத்தைச் சொல்லுங்கள்.

பில் ஏன் வேண்டும்?

2025-ம் ஆண்டில் நாட்டையே உலுக்கிய ஒரு செய்தி வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். 20-க்கு மேற்பட்ட பிஞ்சு உயிர்கள்! அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு அரசின் பரிசோதனையில், அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 100-க்கு 48 பங்குக்கு மேல் இருந்தது தெரிய வந்தது.

இதே விஷம் 1937-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு திரவ மருந்தில் கலந்து 100-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போது அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மருந்துக் கடைகளின் விற்பனைச் சீட்டுகளைப் புரட்டி, வாங்கியவர்களைத் தேடிப் போனார்கள். வீடு வீடாகச் சென்று சீசாக்களைப் பறிமுதல் செய்தார்கள். விற்காமல் கிடந்ததும், குடிக்காமல் இருந்ததும் திரும்ப வந்துவிட்டன. எத்தனையோ உயிர்கள் தப்பின.

விஷம் கலந்த மருந்தைக் கண்ணால் பார்த்து மருந்தாளுநர் கண்டுபிடிக்க முடியாது. ஆனால், "இந்த எண் கொண்ட மருந்தை விற்காதே" என்று அரசு அறிவித்தால், அதை உடனே எடுத்து ஒதுக்க அவரால் முடியும். விற்றது யாருக்கு என்று பார்த்துச் சொல்லவும் முடியும். அதற்கு பில் வேண்டும்! பில்லில் மருந்தின் தொகுதி எண் இருக்கும். "பில் வேண்டாம், இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்பவர் தம் பாதுகாப்பையே விற்றுவிடுகிறார்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது என்றும், ஐந்து வயது வரை பொதுவாகவே வேண்டாம் என்றும் மத்திய அரசின் சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. உங்கள் கைக்குழந்தைக்கு இருமல் மருந்து தர மருந்தாளுநர் மறுத்தால், அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

சான்றிதழ் இருக்கிறது, ஆள் எங்கே?

இவ்வளவு நேரம் நல்ல மருந்தாளுநரைப் பற்றிப் பேசினோம். எல்லாக் கடையிலும் அவர் இருக்கிறாரா?

சில கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அதற்குரியவர் இருப்பது இல்லை. சான்றிதழை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்கள் உண்டு. கடையில் நிற்பதோ, நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன். சீட்டில் உள்ள கையெழுத்தை அவன் தப்பாகப் படித்தால் என்ன ஆவது? ஒரே மாதிரி பெயருள்ள மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன!

பதிவு செய்த மருந்தாளுநரின் நேரடிப் பார்வையில்தான் சீட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே, "பார்மசிஸ்டு யார்?" என்று கேட்பது உங்கள் உரிமை. தயங்க வேண்டாம்.

மக்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. டாக்டரிடம் போனால் பணம் செலவு. ஒரு நாள் கூலியும் போகும். அதனால்தானே கடையில் மாத்திரை கேட்கிறார்கள்? ஆனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் மருந்தும் இலவசம். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். மருந்து விலைதான் கவலை என்றால், 2008-ல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்களும் விலை குறைந்த மருந்துகளுக்காகவே ஏற்பட்டவை. சீட்டைக் காட்டி, "இதே மருந்து குறைந்த விலையில் உண்டா?" என்று கேளுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

இந்தப் பகுதியை வெட்டி எடுத்து, மருந்து டப்பாவில் போட்டு வையுங்கள்.

1. இந்த மாத்திரை எதற்கு?

2. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? ஒரு நாளைக்கு எத்தனை வேளை?

3. எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? உடம்பு தேறிவிட்டால் நிறுத்தலாமா?

4. நான் ஏற்கனவே சாப்பிடும் மாத்திரையோடு இதைச் சாப்பிடலாமா? (பழைய சீட்டையும் கையோடு கொண்டு போங்கள். சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.)

5. என்ன தொந்தரவு வந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்?

6. இதை எங்கே வைக்க வேண்டும்? (இன்சுலின் போன்றவற்றைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும், ஆனால், பனிக்கட்டி உறையும் பெட்டியில் வைத்தால் கெட்டுவிடும்.)

7. காலாவதித் தேதி என்ன? பில் எங்கே?

திரவ மருந்தாக இருந்தால், அத்துடன் வரும் அளவு மூடியிலேயே ஊற்றிக் கொடுங்கள். சமையல் அறைக் கரண்டி வேண்டாம். ஒரு வீட்டுக் கரண்டி போல இன்னொரு வீட்டுக் கரண்டி இருக்காது.

கோபம் வேண்டாம்!

மாத்திரையைக் கேட்டவுடன் கொடுத்துவிடுவது சுலபம். காசு வரும், வாடிக்கைக்காரர் முகமும் மலரும். கேள்வி கேட்பதும், மறுப்பதும், "டாக்டரைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்புவதும் கஷ்டம். அப்படிச் செய்யும் மருந்தாளுநரை விட்டுவிட்டு, கேட்டதை எல்லாம் கொடுக்கும் கடையைத் தேடிப் போனால், நல்லவரும் நாளடைவில் மனம் மாறிவிடுவார். நல்ல கடை நிலைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் தெரு மருந்துக் கடைக்காரர் "தர மாட்டேன்" என்று சொன்னால், கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள். அங்கேயே நின்று, "ஏன் அண்ணே?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.